மிச்சம் கேட்ட வக்கீல்

வக்கீல் மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். அழுகை அதற்குப் பின்னால் மெதுவாக வரும், அவருடைய குமாஸ்தாவைப் போல.

அவர் எங்களுக்கு மாமாவும் இல்லை, உறவும் இல்லை. அவர் குடியிருந்தது திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில், நாங்கள் கரமனையில். கறுப்புக் கோட்டு என்றுதான் பேர், மழையில் நனைந்து நனைந்து அது பாசிபிடித்த சுவர் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் சின்னப் பித்தளைத் தூக்கு. தூக்கில் கஞ்சி. மனுஷருக்கு வயிற்றுப்புண். காரம் ஆகாது, புளி ஆகாது, தாளித்தது எதுவும் ஆகாது. கோர்ட்டு மரத்தடியில் எல்லா வக்கீல்களும் போளியும் வடையும் தின்னும்போது இவர் கஞ்சியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு இருந்த ஒரே பைத்தியம், அடுத்தவர் வீட்டுச் சமையலைக் கேட்பது! எந்தக் கேஸ் ஆனாலும், கொலையோ களவோ, வந்தவனிடம் "நீ செஞ்சியா?" என்று அவர் கேட்டதே இல்லை. "அன்னிக்கு உங்காத்துல என்ன சமையல்?" என்பார். அவன் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எல்லாம் கேட்டு முடித்து, கண்ணைத் திறக்காமலே கடைசியாக ஒன்று கேட்பார்.

"சரி, மிச்சம் என்ன ஆச்சு?"

முதல்தடவை எங்கள் வீட்டுச் சமையலைக் கேட்டபோது என் மாமியார் அவரை அடிக்கப் போய்விட்டார். என் மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவர் கும்பகோணத்துப் பெண். ஒன்பது வயதில் கல்யாணமாகிக் கரமனைக்கு வந்தவர், அறுபது வயதிலும் காவேரியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆடி பதினெட்டாம் பெருக்கு என்று எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கிடையாது. எங்கள் வீட்டில் மட்டும் உண்டு. புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு கொட்டுகிற மழையில் கரமனை ஆற்றங்கரைக்குப் போகவேண்டும். "இது காவேரியாக்கும்னு நெனச்சுக்கோடீ" என்பார். நான் நினைத்துக்கொள்வேன். என்ன போயிற்று? சாப்பாடு நன்றாக இருக்கும். பெருக்கு எந்த நாள் என்பதற்கு அவருடைய தம்பி கும்பகோணத்திலிருந்து தபாலில் அனுப்புகிற பஞ்சாங்கம்தான் வேதம். ஊர் முழுக்கக் கர்க்கடகம் என்று சொல்கிற மாதத்துக்கு எங்கள் வீட்டுக்குள் ஆடி என்று பேர்.

என் வீட்டுக்காரர் கல்யாணச் சமையல்காரர். நல்ல கை. கோட்டைப் பக்கத்தில் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு நாள் சமைத்துவிட்டு வந்தார். ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம், வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்த நேரம், அந்த வீட்டுத் தங்க ஒட்டியாணம் பூஜையறையிலிருந்து காணாமல் போயிற்று. கர்க்கடகம் பதினேழு, வியாழக்கிழமை. கொல்லைக் கதவு வழியாகச் சமையல்காரர் மூட்டையோடு போனதைப் பார்த்தேன் என்று காவல்காரன் ஒருத்தன் சொன்னான். அவன் யாரைப் பார்த்தானோ, மழையில் தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு போனால் எல்லோரும் சமையல்காரர்தான். போலீஸ் வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அன்றைக்கு அந்த நேரத்தில் இவர் எங்கே இருந்தார் தெரியுமா? ஆற்றங்கரையில், எங்களோடு, இலையில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து என்னிடம் விசாரித்தார். நான் மடமடவென்று சொன்னேன். "ஆடி பதினெட்டாக்கும் சார் அன்னிக்கு! பெருக்கு! நாங்க மூணு பேரும் ஆத்தங்கரையிலேன்னா இருந்தோம்!" அவர் எழுதிக்கொண்டார். விரலில் மையைத் தடவிப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு எழுத்துத் தெரியாது. அவர் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. என் புருஷனைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு அடை வார்த்துச் சாப்பிட்டேன். அந்த அடைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, பாருங்கள்.

அதற்கப்புறம்தான் யாரோ சொல்லி வக்கீல் மாமா வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அன்னிக்கு என்ன சமையல்?" என்றார்.

"நன்னாருக்கு! எம்பிள்ளை லாக்கப்பிலே கெடக்கான், இவருக்குச் சமையல் கேக்கணுமாம்!" என்று மாமியார் எழுந்துவிட்டார். "வக்கீலைக் கூட்டிண்டு வாங்கோன்னா பரிசாரகனைக் கூட்டிண்டு வந்திருக்கா!"

"மாமி, கோச்சுக்கப்படாது. நேக்கு இதெல்லாம் திங்க வக்கில்லை. கேக்கவாவது விடுங்கோ" என்றார் அவர்.

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சொன்னேன். புளியோதரைக்கு வேர்க்கடலை கிடைக்காமல் கடலைப்பருப்பைப் போட்டது, எலுமிச்சைச் சாதத்தில் உப்பு கூடிப்போய் இவர் முகத்தைச் சுளித்தது, ஒரு பப்படம் மழையில் நமுத்துப்போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தேங்காய்ச் சாதம் வரும்போது தொண்டை ஏறி இறங்கியது, சத்தியமாக.

"மிச்சம் என்ன ஆச்சு?"

"தயிர்ச்சாதமும் புளியோதரையும் மிஞ்சித்து மாமா. தோணி கட்டிண்டிருந்தானே தோணிக்காரன், அவனுக்குக் குடுத்துட்டேன். தேங்காய்ச் சாதம் ஆத்துக்கு எடுத்துண்டு வந்து ராத்திரி இவர் சாப்ட்டார்."

அவர் கண்ணைத் திறந்தார். "நெஜம்" என்றார். குடையை எடுத்துக்கொண்டார். "பொய் சொல்றவன் சமையலைச் சொல்லிடுவான் குழந்தே. மிச்சத்துக்கு வழி சொல்லத் தெரியாது."

இதை அவர் வெறும் வாக்கியமாகச் சொல்லவில்லை. இன்னொரு நாள் அவர் வீட்டுக்கு நான் போயிருந்தபோது, சைக்கிள் திருடினான் என்று கேஸ் ஆன ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். ஓணத்தன்றைக்கு நடந்த திருட்டு. அவன் அடைப் பிரதமன், அவியல், எரிசேரி என்று சொல்லிக்கொண்டே போனான். மிச்சம்? "ஒண்ணும் மிச்சமில்லை சாரே."

"ஓணத்தன்னிக்கு மிச்சமில்லாத வீடு இந்தத் திருவனந்தபுரத்துல உண்டோடா?" என்றார் மாமா. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் போனபிறகு நான், "அப்போ இவன் திருடன்தான், இல்லையா மாமா?" என்றேன், பெரிய துப்பறிகிறவள் மாதிரி.

"அசடே. அவனாத்துல அன்னிக்கு ஓணமே இல்லை. பட்டினி. அதைச் சொல்ல வெக்கம். பசியை ஒளிச்சான், சைக்கிளை ஒளிக்கலை."

அந்தக் கேஸைத் தோற்றார். அவர் பெரும்பாலும் தோற்பார். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் வேறு எதையாவது எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எங்கள் கேஸ் எடுத்த அன்றைக்கே என் ரேகை வைத்த காகிதத்தை அரசாங்க வக்கீல் உரக்கப் படித்தார். அதில் கர்க்கடகம் பதினெட்டு என்று இருந்தது. ஆடி என்றால் கர்க்கடகம்தானே என்று அந்தப் போலீஸ்காரர் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வருஷம் எங்கள் ஆடி, இந்த ஊர்க் கர்க்கடகத்துக்கு ஒருநாள் முன்னாலேயே பிறந்துவிட்டது. சில வருஷம் அப்படி ஆகும், மாதப்பிறப்பு பார்க்கிற கணக்கு இங்கே ஒன்று, அங்கே ஒன்று. எங்கள் பதினெட்டு இவர்களுக்குப் பதினேழு. கிழமையை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை ஆற்றங்கரையில் இருந்தார், சம்மதித்தோம். பதினேழாம் தேதி வியாழக்கிழமை எங்கே இருந்தார்?" என்று அரசாங்க வக்கீல் கேட்டார்.

"அன்னிக்கு வியாழக்கிழமையாக்கும்!" என்று நான் கத்தினேன்.

"அப்போ இந்த ரேகை உன்னுது இல்லையா?"

என்னுடையதுதான்.

வக்கீல் மாமா கும்பகோணத்துப் பஞ்சாங்கத்தை நீட்டினார். மாஜிஸ்திரேட்டு அதைப் பொறுமையாகத்தான் புரட்டிப் பார்த்தார். "பஞ்சாங்கம் சரியாயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு இவரை ஆற்றங்கரையில் பார்த்ததாக, குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆள் வேண்டும்" என்றார். தெருக்காரர்கள் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வரமாட்டார்கள், கோர்ட்டுப் படி ஏறுவது குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். மீதி இருந்தது மிச்சம் சாப்பிட்டவன்தான்.

தோணிக்காரன் ஊரில் இல்லை. வித்துராப் பக்கம் மலையில் எஸ்டேட் ரோட்டு வேலைக்குப் போய்விட்டானாம். மாமா கஞ்சித்தூக்கோடு பஸ் ஏறினார். முதல்தடவை போனபோது ஆளைக் காணோம். இரண்டாவது தடவை பஸ் வழியில் நின்றுவிட்டது, அட்டைக்கடியோடு திரும்பி வந்தார். காலைக் காட்டி, "பாரு, நாலு அட்டை, நன்னா சாப்ட்டுட்டுப் போச்சு. என்னைக் கடிச்சதுக்குத்தான் வயித்துப்புண் வந்திருக்கும்" என்றார். மூன்றாவது தடவை ஆளைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

கோர்ட்டு வாசலில் நான் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "மாமா, வியாழக்கிழமைன்னு சொல்லணும்னு அவனுக்கு நன்னாச் சொல்லிக் குடுத்துடுங்கோ."

"மாட்டேன்."

"நெஜத்தைத்தானே சொல்லிக் குடுக்கச் சொல்றேன்?"

"நெஜமானாலும் நான் சொல்லிக் குடுத்தா அது என் வார்த்தை. என் வார்த்தை இந்தக் கோர்ட்டுல ஏற்கெனவே இருக்கு, அதுனால ஒண்ணும் நடக்கலை. அவன் வார்த்தைன்னா வேணும்?"

தோணிக்காரன் கூண்டில் ஏறிக் கும்பிட்டான். மாமா கேட்டதற்கு, "வியாழம்தன்னெ ஏமானே. இந்தச் சாமி அவிடெ இருந்நு சோறுண்டு, ஞான் கண்டு" என்றான். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரசாங்க வக்கீல் எழுந்தார். குரலே உயர்த்தவில்லை. "அன்றைக்கு என்ன தேதி என்று தெரியுமா?"

"அறியாம்" என்று, தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டினான். "பதினெட்டு."

"எப்படித் தெரியும்?"

"அம்மை பறஞ்ஞு."

நான்தான். சோற்றை அவன் இலையில் வைக்கும்போது நான்தான் சொன்னேன். வெறுமனே கொடுக்காமல், பெருமையாக, 'இன்னிக்கு ஆடி பதினெட்டாக்கும், பெருக்குச் சோறு, சாப்பிடு' என்று.

"பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. நீ சொல்வது வியாழனா, பதினெட்டா? இரண்டும் இருக்க முடியாது. ஒன்றைச் சொல்."

தோணிக்காரன் என்னைப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை இப்போதும் தெரியும். எனக்கு எது வேண்டும் என்று அவன் தேடினான். நான் வியாழன், வியாழன் என்று வாய்க்குள் சொன்னேன். அவனுக்கு அது எப்படிக் கேட்கும்? கையைக் கூப்பிக்கொண்டு, "அம்மை கள்ளம் பறயில்லா. பதினெட்டு தன்னெ" என்று சொல்லிவிட்டான். நான் பொய் சொல்லமாட்டேனாம். எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினான்.

ஒன்றரை வருஷம் கடுங்காவல்.

வாசலில் நான் மாமாவைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?" அவர் மழையில் குடையை விரிக்காமல் நின்றார்.

"தப்பு என்னுதுதான் குழந்தே. மிச்சம் என்ன ஆச்சுன்னு கேட்டேன். அதைக் குடுக்கறச்சே நீ என்ன சொன்னேன்னு கேக்கலையே."

அப்பீல் போட்டார். மேல் கோர்ட்டிலும் அதே காகிதம், அதே ரேகை. தள்ளிவிட்டார்கள். அவருடைய வேலை அதோடு முடிந்தது, வேறு வக்கீலாயிருந்தால். ஆனால் மாமா மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜெயிலுக்குச் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் மாமா என் சமையலைக் கேட்டுக்கொண்டு போய், கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று இவரிடம் சொல்லுவார்.

"இன்னிக்கு உன் ஆத்துக்காரி மத்தன் எரிசேரி வெச்சிருக்கா. தேங்காய் கொஞ்சம் கருகிடுத்து. மிச்சத்தை அடுத்தாத்துப் பசுவுக்கு வெச்சா" என்று சொல்லுவாராம். அதைக் கேட்டு இவர், "தேங்காயை முதல்லயே வறுத்திருப்பா, மடச்சி. கடைசீலன்னா போடணும்" என்று அங்கிருந்தே என்னைத் திட்டியனுப்புவார். ஒன்றரை வருஷம் நாங்கள் குடித்தனம் நடத்தியது அப்படித்தான். வயிற்றுப்புண்காரர் நடுவில் நின்று எரிசேரியைச் சுமந்தார்.

மாமியார் அடுத்த மழைக்காலம் தாண்டவில்லை. கடைசி மாதத்தில், "பஞ்சாங்கத்தை மாத்திண்டிருக்கலாம்டீ" என்று ஒருதடவை சொன்னார். காவேரியை அவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தரம்தான்.

அதற்கடுத்த மாதம் மாமா வந்தபோது வீட்டில் ஒன்றும் இல்லை. சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "வத்தக்குழம்பு, சேனை மெழுக்குபுரட்டி, மோர்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். "மிச்சம் என்ன ஆச்சு?"

"மிச்சமில்லை மாமா."

கண்ணைத் திறக்கவில்லை. பிறகு தூக்கைத் திறந்து, கஞ்சியைப் பாதி என் பாத்திரத்தில் ஊற்றினார். "இப்போ சொல்லு, என்ன சமையல்?"

"கஞ்சி."

"மிச்சம்?"

"உங்க தூக்குல இருக்கு."

"அதான் நெஜம்" என்று சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போனார். இவரிடம் அதை அப்படியே சொன்னார் என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு மட்டும் இவர் என்னைத் திட்டியனுப்பவில்லை.

இவர் திரும்பி வந்தார். வந்து என்ன? ஒரு கல்யாண வீட்டிலும் கூப்பிடவில்லை. ஒட்டியாணமும் கிடைக்கவில்லை, எடுத்தவனும் கிடைக்கவில்லை. மாமா ஏதோ மனு எழுதி எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். ராஜா போய் மந்திரிகள் வந்தார்கள், அந்த மந்திரிகளும் மாறினார்கள், மனு எந்த மேஜையில் இருந்தது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. கன்னியாகுமரிப் பக்கம் பிரிந்து போன வருஷம் மாமாவின் வயிறு அவரை ஒரேயடியாகச் சாப்பிட்டுவிட்டது. கடைசியாகப் பார்க்கப் போனபோது, பேச முடியாமல், கையை மட்டும் விரித்து என்ன என்று கேட்டார். நான் அன்றைய சமையலை முழுக்கச் சொன்னேன், மிச்சம் வரைக்கும்.

ஆனால் நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டுவிட்டேன்! இவர் வந்த வருஷத்திலிருந்து ஆடி பதினெட்டை நான் விடவேயில்லை. ஆற்றங்கரைக்குப் போவோம். மிச்சத்தை யாராவது ஓர் ஆளைக் கூப்பிட்டுக் கொடுப்பேன். தேதியைச் சொல்லவே மாட்டேன். இவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இன்னிக்கு என்ன கிழமை, நீயே சொல்லு. இவரை நன்னாப் பாத்துக்கோ. மத்தியானமாக்கும், கேட்டியா?" என்பேன். வாங்குகிறவன் சிரிப்பான். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போறும்டீ, வா" என்பார்.

இப்போது இவரும் இல்லை. போன ஆடியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நான் மட்டும் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தியைக் கூப்பிட்டு இலையில் புளியோதரையை வைத்தேன். பழக்கதோஷம்.

"என்ன கிழமை இன்னிக்கு, சொல்லு பாப்போம்."

"செவ்வாய் அம்மே."

"இவரைப் பாத்துக்கோ" என்று பக்கத்தில், இவர் எப்போதும் நிற்கிற இடத்தில், கையைக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். எதைப் பார்த்தாளோ, "பாத்தாச்சு அம்மே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.